கட்டையில் குழந்தையைச் செதுக்குமுன்

ஃபைன் ஆர்ட்ஸ் முடித்த பிள்ளைகள் வருஷா வருஷம் கட்கியில் இருக்கும் என் அச்சுக்கலைப் பட்டறைக்கு வருகிறார்கள். கும்பகோணத்திலிருந்து சிலர், சென்னையிலிருந்து சிலர், இந்தப் புணேயிலேயே அபினவ் கலா மகாவித்யாலயாவில் படித்தவர்கள் சிலர். "அம்மா, வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களை வைத்து ஒரு தொடர் போடப்போகிறேன்" என்பார்கள். அந்தத் தொடரின் முதல் படம் அநேகமாக ஒரு குழந்தையாக இருக்கும். கண் பெரிதாக, கன்னம் ஒட்டி, பின்னால் பாதி எழும்பிய கட்டிடம்.

மனசு நல்ல மனசுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தையைக் கட்டையில் வெட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வரையில் எண் போட்டுச் சொல்கிறேன். வரிசை முக்கியம் இல்லை.

1. முதலில் ஓவியர் சித்தப்ரசாத்தைப் பார். உளி அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும். 1915இல் பிறந்து 1978இல் மறைந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் மிட்னாப்பூர் மாவட்டத்தில் நடந்தே திரிந்து, கண்டவர்களைக் கண்ட இடத்திலேயே வரைந்து, 'ஹங்ரி பெங்கால்' என்று புத்தகமாகப் போட்டார். பிரிட்டிஷ் அரசு அதைப் பறிமுதல் செய்து எரித்தது. பிறகு பம்பாய்க்கு வந்து அந்தேரியில் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். 1950களின் தொடக்கத்தில், வேலை செய்யும் குழந்தைகளை ஒரு தொடராக லினோலியத் தகட்டில், அதாவது லினோவில், வெட்டினார். 1969இல் டென்மார்க்கின் யுனிசெஃப் குழு அதைப் புத்தகமாக வெளியிட்டது.

அந்தப் படங்களின் முன்னால் நிதானமாக உட்கார். அவர் வெட்டிய குழந்தைக்குக் கையில் ஒரு வேலை இருக்கிறது, உடம்பில் அலுப்பு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. நம்மிடம் இரக்கம் கேட்டு அது நிற்கவில்லை. கறுப்பு வெள்ளை தவிர வேறு எதையும் அவர் பயன்படுத்தவில்லை. லினோவை அவர் எடுத்ததற்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. விலை குறைவு, பிரஸ் தேவையில்லை, கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்செடுத்துவிடலாம். ஏழையைப் பற்றிய படம் ஏழையின் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு உறுதி இருந்தது என்றே நினைக்கிறேன்.

2. 'தொழிலாளர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதே. புணேக்குள் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மாதிரிக் காலம், ஒவ்வொரு மாதிரிக் கணக்கு.

ஹிஞ்சவடியிலும் வாகோலியிலும் அடுக்குமாடி கட்ட பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், சத்தீஸ்கரிலிருந்து வருகிறவர்கள் தகர ஷெட்டில் இருப்பார்கள். கட்டிடம் முடிந்தால் ஷெட்டும் போய்விடும். மராட்வாடாவிலிருந்தும் கலபுரகி பக்கமிருந்தும் வருகிறவர்கள் காலையில் மஜூர் அட்டாவில் நின்று அன்றன்றைக்கு வேலை தேடுவார்கள். செங்கல் சூளைக்காரர்கள் மழை நின்றதும் வந்து, அடுத்த மழைக்கு முன் போவார்கள்.

கரும்பு வெட்டுகிறவர்களின் கதை தனி. பீட் மாவட்டத்திலிருந்து தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டு பாராமதி, இந்தாபூர், தவுண்ட் பக்கம் வருவார்கள். மார்ச், ஏப்ரலில் ஆலை நிற்கும் வரை வெட்டு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் ஒரு 'கோய்த்தா'. கோய்த்தா என்பது அரிவாள். இரண்டு ஆள் சேர்ந்து கணக்கில் ஓர் அரிவாள். ஆள் சேர்க்கும் முகாதம் முன்பணம் கொடுப்பான், அதற்கு 'உச்சல்' என்று பெயர். அந்தப் பணத்தை உடம்பால் கழிக்க வேண்டும். ஒருத்தி பிள்ளை பெற்று நாலு நாள் படுத்தால் கணக்கு ஏறும். இந்த ஜோடியின் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான். பாட்டியிடம் விட்டுவிட்டு வரலாம், அல்லது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடவைத்துக் கூடவே கூட்டிவரலாம். ஆலை ஓரத்தில் அவர்களுக்காக நடத்தும் பள்ளிக்கு 'சாகர் ஷாளா' என்று பெயர். அது எல்லா ஆலையிலும் இருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

ஆகவே நவம்பரில் போகிறாயா, மே மாதம் போகிறாயா என்பதைப் பொறுத்து நீ பார்க்கும் குழந்தை வேறு.

3. பட்டாளத்துப் பிள்ளையையும் கட்டிட சைட் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் வேலூர்ப் பக்கம். எங்களுக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டதும் பட்டாளத்துக்குத்தான். 1987 ஜூலை கடைசியில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அதற்கு மொத்தப் பொறுப்பு இங்கே புணேயில் சதர்ன் கமாண்டின் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்குக்கு. என் வீட்டுக்காரரும் போனார். நானும் என் பையனும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுத் தலைவன் ஃபீல்டுக்குப் போன குடும்பங்களுக்கு ஒதுக்கும் வீடு அது. வரிசை முழுக்க அம்மாவும் பிள்ளைகளும்தான்.

பையனுக்கு அப்போது நாலு வயசு. நின்றுபோயிருந்த படுக்கையில் மூத்திரம் போகிற பழக்கம் திரும்ப வந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவான். அதெல்லாம் நான் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அப்பா லீவில் வந்தபோது அவன் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதுதான். வந்தவரை 'அங்கிள்' என்றான். அவரும் பழைய ஆளாக வரவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பார். பிள்ளை சிரித்துக் கத்தினால்கூட முகம் மாறும். பிரிவு ஒரு கஷ்டம் என்றால், சேர்வது இன்னொரு கஷ்டம் என்பதை அந்த வீட்டில் கற்றேன்.

பிற்பாடு படித்தபோது, இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் ராணுவத்தினரின் 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. தாயோ தகப்பனோ போர்முனைக்குப் போயிருந்த காலத்தில், மனம், நடத்தை சார்ந்த சிக்கல்களுக்காக அந்தப் பிள்ளைகளை டாக்டரிடம் கூட்டிப்போவது 11 சதவீதம் கூடியிருந்தது.

சைட் பிள்ளைக்கும் இதே பிரிவு, இதே சேர்வு. ஆனால் என் பையனுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, கேந்திரிய வித்யாலயா இருந்தது, மிலிட்டரி ஆஸ்பத்திரி இருந்தது, மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது. அப்பா எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நம்பர் போட்ட கடிதம் இருந்தது. போனவர் நாட்டுக்காகப் போனார் என்று அக்கம்பக்கம் மரியாதையாகச் சொன்னது. பீட் மாவட்டத்தில் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அதன் அப்பா அம்மா எந்த ஆலையில் வெட்டுகிறார்கள் என்பது முகாதத்துக்குத்தான் தெரியும். நீ வரைய வேண்டிய வித்தியாசம் இங்கே இருக்கிறது. கண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கண்ணீரைச் சுற்றி இருப்பவை வேறு.

4. மேலே சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னவள் ஆவேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அமைதிப்படை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் செத்தார்கள். அந்த ஊரிலும் நாலு வயசுப் பிள்ளைகள் இருந்தார்கள், நம் பாஷை பேசுகிறவர்கள். பூட்ஸ் சத்தம் கேட்டால் அவர்கள் வாசலுக்கு ஓடவில்லை, உள்ளே ஓடினார்கள். அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 ஜவான்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கணக்கில் உண்டு.

பட்டாளத்துக்காரன் பிள்ளையை வரைகிறாய் என்றால், அவன் துப்பாக்கியோடு நின்ற தெருவில் இருந்த பிள்ளையையும் மனசில் வைத்துக்கொண்டு வரை. இரண்டையும் ஒரே காகிதத்தில் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை வரையும்போது இன்னொன்று இல்லாததுபோல வரையாதே என்கிறேன்.

5. ஆராய்ச்சியைப் படி. ஆனால் ஓர் எண்ணைத் தூக்கிக் குழந்தையின் நெற்றியில் ஒட்டாதே. இப்போது வருகிற பிள்ளைகள் 'ஏஸ் ஸ்கோர்' என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அது அமெரிக்காவில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு டாக்டர்கள் செய்த வேலை. முதல் கட்டுரை 1998இல் வந்தது. மொத்தத்தில் 17,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். சின்ன வயசில் அடி உதை, வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு போன்றவற்றைக் கேட்டு எண்ணி, பெரியவர்களானபின் வரும் இதயநோய், மன அழுத்தம் முதலியவற்றோடு ஒப்பிட்டார்கள். துன்பத்தின் எண்ணிக்கை ஏற ஏற நோயும் ஏறியது. பெரிய கண்டுபிடிப்புதான்.

ஆனால் பங்கெடுத்தவர்கள் இன்ஷூரன்ஸ் வைத்திருந்த நகரவாசிகள். அந்தப் பட்டியலில் போர் இல்லை, ஊர் விட்டுப் போவது இல்லை. பிற்பாடு உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்காகத் தயாரித்த கேள்வித்தாளில் கூட்டு வன்முறை போன்றவற்றைச் சேர்த்தார்கள். இன்னொன்று, 2020இல் ஆண்டாவே சகாக்களோடு சேர்ந்து, இந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, தனி ஒரு ஆளின் எதிர்காலத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதினார். இதை நீ கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ஒரு தகர ஷெட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிஷத்தில் 'இந்தப் பிள்ளை அவ்வளவுதான்' என்று முடிவுகட்டுகிற படத்தை வெட்டிவிட்டால், அந்தப் படம் அந்தப் பிள்ளையை விட அதிக நாள் இருக்கும்.

6. நம் ஜனங்களிடம் செய்த ஆய்வையும் படி. இலங்கையின் வடகிழக்கில் சுனாமிக்குச் சற்றுப் பின்னர் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளாடியா கட்டானியும் கூட்டாளிகளும் செய்தது, 2008இல் வெளிவந்தது. பத்தில் மூன்று பிள்ளைகளுக்குப் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் இருந்தது. போரும் சுனாமியும் மட்டும் காரணம் இல்லை. வீட்டுக்குள் விழுந்த அடியும் சேர்ந்தது. அந்த அடியோடு அப்பாவின் குடி தொடர்புடையதாக இருந்தது. வெளியே இருந்து வரும் துன்பம் வீட்டுக்குள் எப்படிக் கைமாறுகிறது என்பதை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பார்த்து எழுதியவர் டாக்டர் தயா சோமசுந்தரம். அவர் எழுத்தையும் தேடு.

7. யார் கூட இருக்கிறார்கள் என்று பார். நான் சொல்ல வந்ததில் இதுதான் நடுநாயகம்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது, அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் ஹாம்ப்ஸ்டெட்டில் பிள்ளைகள் காப்பகம் நடத்தினார்கள். அவர்கள் கண்டது ஊரே நினைத்ததற்கு நேர்மாறு. குண்டுச் சத்தத்தை விட, அம்மாவைப் பிரிந்ததே சின்னப் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது. அம்மா பக்கத்தில் நிதானமாக இருந்தால், சுரங்கத்தில் படுத்திருந்த பிள்ளையும் தூங்கியது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மா பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அந்தத் தீவு கரும்பும் அன்னாசியும் விளைகிற தோட்டத் தீவு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர்களில் பலர். அதனால் அந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு பாராமதிதான் ஞாபகம் வரும். வறுமை, குடி, சண்டை என்று எல்லா ஆபத்தும் சூழ்ந்திருந்த பிள்ளைகளிலும், மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக நிமிர்ந்தார்கள். அவர்களிடம் கண்ட பொதுவான சங்கதிகளில் ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். பெற்றவர்தான் என்று இல்லை. பாட்டி, அத்தை, டீச்சர், யாரோ ஒருவர்.

இதை வைத்து உன் ஸ்கெட்ச் புத்தகத்தைத் திருப்பிப் பார். குழந்தையைத் தனியாக நிற்க வைத்திருக்கிறாயா? நிஜமாகவே தனியாக நின்றதா, அல்லது படத்துக்காகப் பக்கத்தில் இருந்தவர்களை நீ நீக்கிவிட்டாயா? சைட்டில் எட்டு வயசு அக்கா தம்பியை இடுப்பில் வைத்திருப்பாள். மாவு பிசைந்துகொண்டே ஒரு கண்ணால் நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவி இருப்பாள். டோர் ஸ்டெப் ஸ்கூல், தாரா மொபைல் கிரெஷஸ் போன்ற அமைப்புகளிலிருந்து வரும் தாய்மார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். இவர்களை வெட்டு. இந்தக் கைகளை வெட்டக் கற்றுக்கொள். துன்பத்தை மட்டும் காட்டும் படம் பார்க்கிறவருக்கு ஒரு வேலையும் வைக்காது. யார் தாங்குகிறார்கள் என்று காட்டினால், அவர்களுக்கு என்ன தேவை என்ற கேள்வி தானாக எழும்.

8. "என்ன நடந்தது, சொல்லு" என்று பிள்ளையிடம் கேட்காதே. "உன் சோகத்தை வரை" என்று கிரேயான் கொடுக்காதே. அது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. காயத்தைத் திறந்துவிட்டு சாயங்காலம் பஸ் ஏறிப் போகிறவர்கள் செய்யக்கூடாது.

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டிக் கொடு, உருளைக்கிழங்கைக் கொடு, இரண்டு நிறம் கொடு. பூப்பூவாகக் குத்தட்டும். தன் கையால் ஒரே பூ பத்துத் தடவை ஒரே மாதிரி வருவதில் பிள்ளைகளுக்கு அளவில்லாத சந்தோஷம். நாளுக்கு நாள் இடம் மாறும் பிள்ளைக்கு, திரும்பத் திரும்ப ஒன்றே வருவது தெம்பு தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஆராய்ச்சி அல்ல, என் அனுபவம்.

9. சட்டம் தெரிந்துகொள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையையோ, குற்றத்துக்கு ஆளான குழந்தையையோ அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. பெயர், ஊர், பள்ளி, முகம் எல்லாம் அதில் அடங்கும். அச்சுப்படம் தானே என்று நினைக்காதே. முகம் முகம்தான். ஒரு பிள்ளை தானாகவே உன்னிடம் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், துருவித் துருவிக் கேட்காமல், நம்புகிறேன் என்று மட்டும் சொல்லி, 1098க்குப் போன் செய். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்த விஷயத்தைப் படமாக்காதே. அது உன் படத்துக்காக நடந்தது இல்லை.

கட்டைவிரல் ரேகை வாங்காதே. அழகாக இருக்கிறது என்று பலர் செய்கிறார்கள். அந்த ஜனங்கள் கட்டைவிரலை இதுவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யோசி. முன்பணக் காகிதத்தில், படித்துக்காட்டாத ஒப்பந்தத்தில். உன் மை டப்பாவும் அவர்களுக்கு அதே மாதிரிதான் தெரியும்.

10. இனி கைவேலை. லினோவை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும், உளி வழுக்காது. வெட்டும் கைக்கு முன்னால் இன்னொரு கையை வைக்காதே. கட்டையில் வலம் இடமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கோய்த்தா இடது கையில் வந்துவிடும், ஷெட் எண் திரும்பிவிடும். முதல் புரூஃபைக் கண்ணாடியில் காட்டிப் பார்.

கண்ணீர் வெட்டாதே. கேத்தே கோல்விட்ஸ் தன் மகன் பீட்டரை 1914 அக்டோபரில் போரில் இழந்தவர். அந்தத் துக்கத்துக்கு எட்சிங் சரிவரவில்லை. சிற்பி பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தபின் மரத்தை எடுத்து, 'போர்' என்ற ஏழு படங்களை முடித்தார். 1923இல் வெளிவந்தது. துக்கம் அதில் முதுகில் இருக்கிறது, கோத்த கைகளில் இருக்கிறது. பெரும் பரப்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டார். உனக்கும் அதுதான். கட்டையில் வெட்டாமல் விடுவதற்குத் தைரியம் வேண்டும்.

சோம்நாத் ஹோர் இன்னும் தள்ளிப் போனார். 1970களில் சாந்திநிகேதனில் 'காயங்கள்' தொடரில் மனித உருவமே தேவையில்லை என்று முடிவெடுத்தார். களிமண் பலகையைக் கீறி, அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை ஊற்றி உலர்த்தினார். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைக் காயம். வங்கப் பஞ்சத்தையும் தெபாகா போராட்டத்து விவசாயிகளையும் நேரில் பார்த்து வரைந்த கை அது. ஆளை நன்றாக வரைந்த பிறகுதான் ஆளில்லாமல் வரையும் உரிமை வரும் என்று நான் நம்புகிறேன். ஆரம்பத்திலேயே அங்கே போகாதே.

11. காரணத்தை வரை. 2019 ஜூன் 29 விடியுமுன், புணேயின் கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் இடிந்து, ஒட்டிப் போட்டிருந்த தொழிலாளர் ஷெட்டுகள் மேல் விழுந்தது. 15 பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. பெரும்பாலோர் பீகார்க்காரர்கள். மழை, மழை என்று சொன்னார்கள். மழையா அந்த ஷெட்டைச் சுவரடியில் போட்டது? பள்ளம் தோண்டியது யார், சுவர் ஓரம் படுக்க இடம் கொடுத்தது யார் என்று கேட்கிற படம் வேண்டும். சுவரை வரை.

1996 கட்டிடத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் சைட்டில், ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று சொன்னது. 1969லேயே மீரா மகாதேவன் டெல்லியில் ஒரு கட்டிட சைட்டில் கூடாரம் போட்டு அப்படி ஒன்றைத் தொடங்கிக் காட்டிவிட்டார். நீ போகும் சைட்டில் காப்பகம் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அந்தக் காலி இடத்தையும் வரையலாம்.

12. விற்றால் பங்கு கொடு. எவ்வளவு என்பதை முன்கூட்டியே, அவர்களுக்குப் புரியும் பாஷையில் பேசு. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

13. அச்சைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடு. அச்சுக்கலையின் பெருமையே ஒன்று பலவாவதுதான். நம் புணேக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ரவி வர்மாவின் அச்சகம் 1890களின் கடைசியில் லோணாவ்ளா பக்கத்து மளவ்லிக்கு வந்து, கல்லில் சாமி படம் அடித்து நாடு முழுக்க அனுப்பியது. கோயிலுக்குள் விடாத ஜனங்களின் வீட்டுச் சுவருக்கும் லட்சுமி போய்ச் சேர்ந்தது அப்படித்தான். இன்றைக்கும் ஷெட்டுக்கு ஷெட் போய்ப் பார். இடம் மாறும்போது பெட்டியில் மடித்து எடுத்துப் போவது காலண்டர் படம்தான்.

ஆகவே நான் என் பிள்ளைகளைக் காலண்டர் அடிக்கச் சொல்கிறேன். மேலே அவர்கள் படம், கீழே பன்னிரண்டு மாசக் கட்டம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போடும் அளவு இடம். வேலைக்குப் போன நாளை அவர்களே குறித்துக்கொள்ளலாம். ஹாஜிரி, அதாவது வருகைக் கணக்கு, முகாதத்தின் நோட்டில் மட்டும் இருந்தால் அவன் சொன்னதே கணக்கு. சுவரில் இன்னொரு கணக்கு இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் கோடு போடத் தெரியும். நாராயண் பேட்டில் ஒரு டிரெடில் பிரஸ்ஸில் கம்போசிங் செய்தவள் நான். அச்சடித்த காகிதம் ஒரு மனுஷன் கையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கேலரிக்குப் போகும் பிரதிகளுக்கு சிவாஜிநகர் ஹேண்ட்மேட் பேப்பர் இன்ஸ்டிடியூட் காகிதம் நல்லது. 1940இலிருந்து காகிதம் செய்கிறார்கள். காலண்டருக்கு அது வேண்டாம், ஈரம் குடிக்கும். கார்ட்ரிட்ஜ் தாள் போதும். எண்ணெய் மையில் அடி, தண்ணீர் மை முதல் மழைக்கே ஓடிவிடும். எண் போடும்போது முதல் பிரதிகள் அவர்களுக்கு, மிச்சம் உனக்கு.

கட்டையை ஆகஸ்டுக்குள் முடித்துவிடு. கரும்புக்காரர்கள் அக்டோபர் கடைசியில் வண்டி ஏறுவார்கள், அவர்களின் வருஷம் அங்கே தொடங்குகிறது. அதனால் கட்டத்தை நவம்பரிலிருந்து போடு, ஜனவரியிலிருந்து அல்ல. சுருட்டி எடுத்துப் போகாதே, தகரத்தில் நிற்காது. தட்டையாக அட்டைக்குள் வைத்து எடுத்துப் போ. மேலே இரண்டு துளை போட்டுச் சணல் கோத்தே கொடு, ஆணி தேட அவர்களுக்கு நேரம் இருக்காது. மார்ச் மாசம் மறுபடி போய், கோடுகளும் முகாதத்தின் நோட்டும் ஒத்துப்போகின்றனவா என்று அவர்களோடு உட்கார்ந்து எண்ணு.